ஏழாம் நம்பர் தக்காளி

இல்ல மேடம், நான் தக்காளி சாப்பிடல. உங்க மெஷின்லதான் ஏதோ கோளாறு. பொட்டாசியம் ஆறு புள்ளி ஒண்ணா? எனக்கா? சான்ஸே இல்ல. நீங்க குடுத்த டயட் சார்ட்டை எங்க வீட்டம்மா ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கா. முதல் வரியே தக்காளி கூடாதுன்னுதான் இருக்கு. அதுக்கு அடியில அவ பங்குக்கு ரெண்டு கோடு வேற போட்டிருக்கா.

தெரியும் மேடம், வியாழக்கிழமை ஆபரேஷன். இந்த நம்பர் ஏறிச்சுன்னா தேதி தள்ளிப் போயிடும்னு பெரிய டாக்டர் போன வாரமே மிரட்டிட்டாரு. கிட்னி குடுக்கப் போறதே எங்க வீட்டம்மாதானே. இருபத்தெட்டு வருஷத்துல ஃபேன் எந்த ஸ்பீடுல ஓடணும்கிறதுல கூட எங்களுக்கு ஒத்துப் போனதில்ல. கிட்னி மட்டும் கரெக்டா ஒத்துப் போச்சு.

செடியா? இருக்கு, யாரு இல்லன்னா? வீட்டுப் பின்னாடி ஆறு செடி. இந்தச் சீக்கு வர்றதுக்கு முன்னாடிலேர்ந்தே வளக்கிறேன். கடைத் தக்காளின்னு நினைச்சுடாதீங்க. பீஃப்ஸ்டீக்னு பேரு, ஒரு பழம் அரைக் கிலோ, முக்கால் கிலோ நிக்கும். தொப்பைக்காரன் இறுக்கமா பெல்ட் போட்ட மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கும். அறுத்தா விதை கொஞ்சந்தான், மத்ததெல்லாம் சதை. பழைய ரகம், பழத்துலேர்ந்து விதை எடுத்துப் போட்டா அச்சு அசலா அதே பழம் வரும். கூட வேலை பாக்குற எலக்ட்ரீஷியன் காகிதத்துல மடிச்சு பன்னெண்டு விதை குடுத்தாரு. அதுலேர்ந்து அஞ்சு வருஷமா நானே விதை எடுத்துக்கிறேன். டம்ளர்ல போட்டு மூணு நாள் விடணும் மேடம், நுரை கட்டி நாறும், அப்பதான் அந்த வழவழப்பு போகும். ஒரு தடவை வீட்டம்மா அதை நான் குடிச்சு மிச்சம் வச்ச ஜூஸுன்னு நினைச்சு சிங்க்ல கொட்டிட்டா. ரெண்டு நாள் நான் அவகூடப் பேசல. அவ அதைக் கவனிக்கவே இல்லங்கிறது வேற விஷயம்.

நான் லிஃப்ட் மெக்கானிக் மேடம், எடை தூக்குற வேலைதான். பழம் பெருத்துச்சுன்னா காம்பு தாங்காது. பழைய சாக்ஸை வெட்டி ஒவ்வொண்ணுக்கும் தூளி கட்டிருக்கேன். பூ உதிராம காய் பிடிக்கணும்னா பேட்டரி டூத் பிரஷ்ஷைக் காம்புல வச்சு லேசா அதிர விடணும். யாரோட பிரஷ்ஷா? அது இப்ப எதுக்கு மேடம்?

எனக்குக் கிட்னி போச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கே வீட்டம்மா மார்க்கர் பேனாவைத் தூக்கிட்டா. காய்க்கிற ஒவ்வொரு பழத்து மேலயும் நம்பர் போடுவா. இந்தத் தடவை ஒண்ணுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அட்டென்டன்ஸ். பழுத்ததும் பக்கத்து வீட்டுக்குப் போயிடும். நான் தண்ணி ஊத்தலாம், தடவிக் குடுக்கலாம், மோந்து பாக்கலாம். அதோட சரி.

ஆமா, நேத்து ஏழாம் நம்பர் ஆப்சென்ட். அதையும் உங்ககிட்டச் சொல்லிட்டாளா? அணில் மேடம், அணில். எங்க பக்கம் அணில் ஜாஸ்தி. முக்கால் கிலோவை எப்படித் தூக்கும்னா... ரெண்டு வந்திருக்கும்.

சிரிக்காதீங்க மேடம்.

சரி. ஒரே ஒரு துண்டு. மெல்லிசாத்தான். அவ்வளவு மெல்லிசுன்னும் சொல்ல முடியாது. பாதின்னு வச்சுக்கோங்க. அட, மீதிப் பாதியைக் குப்பையில போட மனசு வருமா? முழுசாத்தான் தின்னேன். காலங்காத்தால, செடி பக்கத்துலயே நின்னுக்கிட்டு. உப்பா? சேச்சே. பாக்கெட்ல கொஞ்சம் எடுத்துட்டுப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

ருசியா? சத்தியமாத் தெரியல மேடம். ரெண்டு வருஷமா நாக்கு ஏங்கிக் கெடந்த பழம், மருந்து மாதிரி மென்னு முழுங்கினேன். ஆசைக்குன்னா ஒரு துண்டு போதாதா?

என்னது? இன்னைக்கே ஒரு டயாலிசிஸ் சேத்துப் போட்டா இறங்கிடுமா? அப்ப வியாழக்கிழமை மாறாதா? கண்டிப்பா மாறாதா? போச்சுடா.

இல்ல, சந்தோஷந்தான். சந்தோஷம் இல்ல மேடம். தள்ளிப் போகட்டும்னுதான் தின்னேன். எனக்கு என்ன பயம், நான் எப்படியும் படுக்க வேண்டிய ஆளு. அவளுக்கு ஒரு தலைவலி கூடக் கிடையாது. நல்லா நடமாடிட்டு இருக்கிறவளைப் படுக்க வச்சு எனக்காகக் கத்தி வைக்கணுமா? வேணாம்டின்னு எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன், வாயை மூடுங்கிறா. மயக்க மருந்து குடுத்து அவ கண்ணே முழிக்கலன்னா, அந்தக் கிட்னியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க?

டாக்டர்கிட்ட நானே சொல்லிடுறேன், மறைக்கல. ஆனா வெளியில அவ உக்காந்திருக்கா, நீங்க கதவைத் திறந்த உடனே வந்து கேப்பா. பயந்துபோய்த் தின்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க மேடம். உங்க வீட்டுக்காரரு நாக்கை அடக்கத் தெரியாத ஆளுன்னு சொல்லுங்க. நல்லாத் திட்டட்டும்.