சாம்பியாவில் வாசலில் கழற்றிய செருப்பு

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் போகும் பஸ். முன் சீட்டு அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். சபை ஊழியத்துக்காக அப்பாவோடு சாம்பியா போயிருக்கும் அவருடைய அம்மா அங்கிருந்து புகார் சொன்னார்.

“உங்க நைனா ஜெபத்துல கண்ணையே மூட்றதில்ல. எல்லார் காலையும் பாக்குறாரு.”

“ஷூ கம்பெனிலேர்ந்துதான் ரிட்டையர் ஆயிட்டாரே, இன்னாத்துக்கு?”

“மொத வாரம் நம்மூர் மாதிரி வாசல்ல செருப்ப கழட்டிட்டு உள்ள போனோம். இங்க அந்த வழக்கமே இல்லயாம். எங்களப் பாத்து சபையே கழட்டிடுச்சு. வெளிய வந்தா, பாதி ஜோடிக்கு சோல் பிஞ்சி தொங்குது. அன்னிக்கு தைக்க உக்காந்தவருதான்.”

“அப்ப பிரசங்கம்?”

“நான் பண்றேன்.”

அக்கா சிரித்தார். “அதெல்லாம் சரி. கிறிஸ்துமஸுக்கு வந்துடுவீங்கன்னு பசங்க கிட்ட சொல்லிட்டேன். டிக்கெட்ட மாத்திடாதீங்க.”

இப்போது அப்பாவின் குரல். “பண்டிகைக்குப் போட்டுக்க நாப்பது ஜோடி கேட்டு வெச்சிருக்காங்கம்மா. தைக்க வேற ஆளில்ல.”

அக்கா பக்கத்து சீட்டு அம்மாவிடம், பஸ்ஸுக்கே கேட்கும்படி, “எங்க நைனா” என்றார்.

போனில் கேட்டார்: “ஊசி எந்த நம்பர் அனுப்பணும், சொல்லு.”