இருபத்திரண்டாம் இதழ், ஒன்பதாம் பக்கம்

சைக்ளோஸ்டைல் மை கையில் ஒட்டினால் சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய்தான் வேண்டும். என் விரல்களைப் பார்த்துவிட்டு நீங்கள் முதலில் கேட்டது அதைத்தான் என்பதால் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. நான்கு வருடமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பத்திரிகை போடுகிறவனுக்கு இந்தக் கறை சகஜம்.

இரண்டாவதாக ஓர் உறையைக் காட்டி, அதில் இருப்பது என் கையெழுத்தா என்று கேட்டீர்கள். அதற்கும் வருகிறேன். வரலாறு எழுதுகிறவன் நான். எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம்.

என் பெயர் அமிர்தராஜ். பாலக்கரையில் வீடு. அரசு அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தர். 1978-இல் நான் சென்னையில் வேலை பார்த்தபோது தொலைக்காட்சியில் பதிமூன்று வாரம் ஒரு விஞ்ஞானத் தொடர் வந்தது. 'வால்மீன் நிலையம்' என்று பெயர். வானத்தில் மிதக்கும் ஒரு நிலையத்தில் ஏழு தமிழர்கள் மாட்டிக்கொள்கிற கதை. வீட்டுக்காரர் முன்னறையில் தரையில் உட்கார்ந்து ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தேன். பிறகு நாடாவை அழித்து அதன்மேல் வேறு எதையோ பதிந்துவிட்டார்கள். எழுதி இயக்கிய சவரிநாதன் 1980-இல் மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். தொடரும் இல்லை, ஆளும் இல்லை. வரலாறு எழுத இதைவிடத் தோதான நிலைமை அமையாது.

திருச்சிக்கு மாற்றலாகி வந்து 1982 ஜனவரியில் 'நிலையக் குறிப்புகள்' முதல் இதழைப் போட்டேன். அந்தத் தொடர் திரைக்குப் பின்னால் எப்படி உருவானது என்பதுதான் பத்திரிகையின் ஒரே விஷயம். நூற்றறுபது வாசகர்கள். அவர்களில் தொடரைக் கண்ணால் பார்த்தவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் என்னைப் படித்தே ரசிகர்கள் ஆனவர்கள். பார்க்காத நிகழ்ச்சியின் ரசிகர்கள் தங்கமானவர்கள், மறுத்துப் பேசமாட்டார்கள்.

கிடைத்த தகவல் கொஞ்சம். மீதியை நான் ஊகித்தேன். சவரிநாதன் பதிமூன்று வாரக் கதையையும் ஒரே மூச்சில் எழுதினார் என்றேன். நிலையத்தின் கதவுக்கு இட்லிக் கொப்பரையின் மூடியை வைக்கலாம் என்பது மாதா கோயில் பூசை நேரத்தில் அவருக்குத் தோன்றியது என்றேன். துவாக்குடியில் படிக்கிற பொறியியல் மாணவர்கள் என்னை விடுதிக்கு அழைத்து, மேடையில் 'வரலாற்றாசிரியர்' என்று சொல்லி மாலை போட்டார்கள். அலுவலகத்தில் என்னை 'ஏய் ராஜ்' என்பார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

1984 நவம்பரில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெண்கள் பள்ளியில் பௌதிகம் நடத்தும் மரகதவல்லி என்பவர் எழுதியிருந்தார். அவரிடம் படிக்கும் பெண்ணின் அண்ணன் துவாக்குடி மாணவன், அவன் வழியாக ஆறு இதழ்கள் அவர் கைக்குப் போயிருக்கின்றன. என் வரலாற்றில் நாற்பத்தொரு பிழைகளை எண் போட்டு எழுதியிருந்தார். எழுத்துப் பிழைகள் தனிப் பட்டியல். பதினேழாவது பிழை இப்படி இருந்தது: "அந்த இட்லிக் கொப்பரை எங்கள் அகத்துடையது. இதுவரை திரும்பி வரவில்லை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் போனேன். சித்திரை வீதியில் வாடகை வீடு. ஐம்பது வயது இருக்கும், கணவர் இறந்து இரண்டு வருடம். மகள் ரங்கநாயகி பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். பதிமூன்று வாரத்துக் கதை வசனமும் பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில், ஒரே கையெழுத்தில் இருந்தது.

"பதிமூணும் நான்தான் எழுதினேன், அமிர்தராஜ் சார். அப்போ நாங்க மெட்ராஸ்ல இருந்தோம். சவரிநாதன் பக்கத்துத் தெரு. ஆம்படையாள் பேரு டி.வி.ல வரப்படாதுன்னு எங்காத்துக்காரர் சொல்லிட்டார். அதனால சவரிநாதன் தன் பேரைப் போட்டுண்டார்."

சவரிநாதனின் கடிதம் ஒன்றும் இருந்தது. "உங்கள் பெயர் வரவேண்டிய இடத்தில் என் பெயர் வருவது எனக்கு உறுத்துகிறது" என்று எழுதியிருந்தார். மனிதர் யோக்கியர். என் வரலாற்றில் அவருக்கு நான் கொடுக்காத ஒரே குணம் அது.

"இப்போ என்ன செய்யணும்ங்கறீங்க, டீச்சர்?"

"பெருசா ஒண்ணும் வேண்டாம். கதை வசனம் மரகதவல்லின்னு ஒரு வரி. இனிமே யாரும் ஆட்சேபிக்கப் போறதில்லை."

ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரியைப் போட்டால் பதினெட்டு இதழ் குப்பைக்குப் போகும். 'தனியொருவர் படைத்த வால்மீன்' என்ற தலைப்பில் என் புத்தகத்துக்கு அட்டை அச்சாகியிருந்தது. நீங்களே சொல்லுங்கள், அட்டையை என்ன செய்வது?

அடுத்த மூன்று இதழ்களிலும் இடமில்லை என்றேன். அவர் பொறுமையாக இருந்தார். நான் போகும்போதெல்லாம் காபி கொடுத்தார், ஒவ்வொரு இதழிலும் பிழை திருத்திக் கொடுத்தார். ஜூன் மாதம் ரங்கநாயகியின் கல்யாணப் பத்திரிகையை மஞ்சள் தடவிக் கையில் தந்தார். ஆவணியில் முகூர்த்தம், மாப்பிள்ளை வீடு இங்கேயே கே.கே. நகர்.

"அவசியம் வரணும். வீட்ல அவங்களையும் அழைச்சுண்டு வாங்கோ." பிறகு தயங்கிச் சொன்னார்: "நீங்க போடறதா தெரியலை. கல்யாணம் ஆனப்புறம் துவாக்குடிப் பசங்களுக்கு நானே எழுதிடலாம்னு இருக்கேன். தப்பா நினைச்சுக்காதீங்கோ."

நான் தப்பாக நினைக்கவில்லை. ஜூலையில் இருபத்திரண்டாம் இதழ் வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் இப்படி எழுதினேன்: 'சவரிநாதனின் கற்பனைக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தார். இன்று ஸ்ரீரங்கத்தில் பௌதிகம் கற்பிக்கும் அந்த ம—, அந்த நாட்களில் கணவர் அலுவலகம் போன நேரங்களில் சவரிநாதன் வீட்டுக்கு வாரம் இருமுறை தவறாமல் வருவார். அவர்கள் நட்பின் கதையை எழுத இது இடமில்லை.'

இதில் ஒரு பொய் காட்டுங்கள். கணவர் வீட்டில் இருக்கும்போது எழுதிய தாளைக் கொடுக்க முடியாது, ஆகவே அவர் இல்லாதபோது போனார். சவரிநாதனின் மனைவியிடம்தான் பெரும்பாலும் கொடுத்துவிட்டு வந்தாராம். அதையும் போட்டிருக்கலாம்தான். பக்கம் நிறைந்துவிட்டது.

அந்த இதழில் ஒரு பிரதியை உறையில் போட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினேன். விலாசம் கல்யாணப் பத்திரிகையில் இருந்தது. ஆம், ஐயா, அது என் கையெழுத்துதான். மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருந்தால் இடது கையால் எழுதியிருப்பேன்.

ஆடி முடிவதற்குள் சம்பந்தம் முறிந்தது. பள்ளியில் ஆசிரியைகள் அவர் பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினார்கள். வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். இவ்வளவுக்கும் நூற்றறுபது பிரதிதான். சிறு பத்திரிகைக்குச் செல்வாக்கு இல்லை என்று சொல்கிறவர்கள் யோசித்துப் பேச வேண்டும்.

ஆகஸ்டு கடைசியில் அவர் ரிக்‌ஷாவில் என் வீட்டுக்கு வந்தார். தகரப் பெட்டியும் வந்தது. என் மனைவி பாக்கியமேரி நாற்காலி போட்டாள், அவர் உட்காரவில்லை.

"இதை நீங்களே வச்சுக்கோங்கோ. என் பேரே வேண்டாம். எல்லாம் சவரிநாதனே எழுதினார்னு இருக்கட்டும். அடுத்த இதழ்ல ரெண்டே வரி போடுங்கோ, அந்த மாதிரி அர்த்தத்துல எழுதலைன்னு. குழந்தைக்காகக் கேக்கறேன்."

"போட்டுடறேன், டீச்சர்" என்றேன். பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன். அவர் கைகூப்பிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் பாக்கியமேரி கேட்டாள்: "போடுவீங்கதானே?"

"பார்க்கலாம்."

"ரெண்டு வரிங்க. அந்தம்மா முகத்தைப் பார்த்தீங்களா?"

பார்த்தேன். அதனால்தான் யோசித்தேன். மறுப்பு போட்டால் சந்தேகம் இன்னும் பலப்படும், அவருக்கே கெடுதல். அப்படித்தான் பாக்கியமேரியிடம் சொன்னேன். அவள் துணிமணிகளை எடுத்து வைத்தாள். இப்போது வையம்பட்டியில் தங்கை வீட்டில் இருக்கிறாள். எப்போது வருவாள் என்று கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

செப்டம்பரில் இருபத்துமூன்றாம் இதழ். அதில் முதல் வாரக் கதை வசனத்தை முழுதாகப் போட்டேன். 'நீண்ட ஆய்வுக்குப் பின் நமக்குக் கிடைத்த, சவரிநாதனின் மூலப் பிரதி' என்று குறிப்பும் எழுதினேன். ரசிகர்கள் கொண்டாடினார்கள். துவாக்குடியிலிருந்து மட்டும் எழுபது பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். இரண்டு வரி மறுப்புக்கு அந்த இதழிலும் இடமில்லை. ஸ்ரீரங்கத்துக்கு ஒரு பிரதியை நானே அனுப்பினேன். அவரிடமிருந்து ஒரு பிழைத்திருத்தம்கூட வரவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஐப்பசியில் கொள்ளிடத்தில் தண்ணீர் நிறைய ஓடியது. அதில் இறங்கிய மரகதவல்லியை மூன்றாம் நாள் அக்கரைப் பக்கம் கண்டெடுத்தார்கள். மற்றதை உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள், நான் சேர்க்க ஒன்றுமில்லை.

காரியங்கள் முடிந்து ரங்கநாயகி தனியாக வந்தாள். அழவில்லை. "அம்மாவோட பெட்டியைக் குடுங்கோ" என்றாள்.

"எந்தப் பெட்டி?" என்றேன்.

அவள் படியிறங்கிப் போனாள். அங்கிருந்து நேரே கே.கே. நகருக்குப் போய் அந்த உறையைக் கேட்டு வாங்கி உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள். கெட்டிக்காரி. அம்மாவைப் போலவே ஆதாரத்தோடு பேசுகிறாள்.

பெட்டி எங்கே என்று நீங்களும் கேட்கிறீர்கள். பதிமூன்று வாரத்தையும் என் கையால் படியெடுத்துவிட்டு, மூலத்தாளையும் சவரிநாதனின் கடிதத்தையும் கொல்லையில் போட்டு எரித்தேன். காலிப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டேன். மரகதவல்லி கொள்ளிடத்துக்குப் போவார் என்று நினைத்தேனா என்று கேட்டீர்கள். உறையில் தபால்தலை ஒட்டும்போது அவர் ஊரை விட்டுப் போவார் என்று நினைத்தேன். கதை வசனத்தை அச்சிட்டு அனுப்பும்போது, இனி அவருக்குப் போக ஓர் இடமும் இல்லை என்று தெரிந்திருந்தது. தெரிந்துதான் அனுப்பினேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இன்னொன்றையும் எழுதுங்கள். என் பத்திரிகையை அவரைப் போல வரிவிடாமல் படித்தவர் யாரும் இல்லை. மற்றவர்கள் பாராட்டுவார்கள், அவ்வளவுதான். ஒற்றெழுத்து விட்டுப்போனால்கூட வட்டம் போட்டுக் காட்டியவர் அவர் ஒருவர்தான். பெண்ணுக்கு அம்மா போனதைப் பற்றி ஊரே பேசுகிறது. நான் என் நல்ல வாசகியை இழந்து நிற்கிறேன். அதைப் பற்றி என்னிடம் ஒருவர்கூட வந்து துக்கம் கேட்கவில்லை.