எஜீதியோ திறக்க வேண்டிய பாட்டில்

இந்த விருந்துக்குத் தலைமை தாங்கும், நம் கால்பந்துக் கழகத்தைத் தன் தோளில் தூக்கிச் சுமக்கும் வழக்கறிஞர் இன்னொச்சென்சோ அவர்களே! ஞாயிறு பூசையை எப்பாடுபட்டாவது ஆட்டத்துக்கு முன் முடித்துவிடும் அருள்தந்தை மிக்கேலே அவர்களே! மழையிலும் பனியிலும் மைதானத்துக் கல்படியில் இடம் மாறாமல் அமர்ந்த மூத்தோர்களே! காலை முதல் அடுப்பில் வெந்து, ஆட்டுக்கறியையும் வறுத்த மிளகாயையும் மணக்க மணக்கப் பரப்பியிருக்கும் தாய்மார்களே! வென்றால் வாழ்த்தி, தோற்றால் திட்டி, இரண்டிலும் தொண்டையைத் தொலைத்த இளைஞர்களே! பியெத்ராமாரா ஊர்ப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கிழவனின் மாலை வணக்கம்.

பிழைத்தோம்!

மறுபடியும் சொல்கிறேன், பிழைத்தோம்! போன ஞாயிறு மாலை வரை இந்த ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல் நம்மில் யாருக்காவது இருந்ததா? சொன்னால் கெட்டுவிடும் என்று இரும்பைத் தொட்டோம். சட்டைப் பையில் கைவிட்டு, கெட்ட ராசியை விரட்டும் சிவப்புக் கொம்புத் தாயத்தைத் தடவினோம். இன்று சொல்லலாம். இத்தாலியின் முதல் பிரிவிலேயே, மாநகரங்கள் மோதும் அந்த முதல் பிரிவிலேயே, அடுத்த ஆண்டும் நம் கழகத்தின் செம்பச்சைக் கொடி பறக்கும்!

என்ன அங்கே சத்தம்?

"பெரியவரே, சீக்கிரம் முடிங்க, பாஸ்தா குழையுது!"

குழையட்டும் மகனே! இந்தக் குளிர்காலத்தில்தான் எழுத்துக் கற்றேன். இதை நானே எழுதினேன். ஒரு எழுத்தைக்கூட விடமாட்டேன்!

பெருமக்களே, இந்தப் பருவம் எங்கே கசந்தது? நவம்பரில் கசந்தது. நம் கோல்கீப்பர் தொனாத்தோ, இந்த மண்ணில் விழுந்து எழுந்து முழங்கால் தேய்ந்த தொனாத்தோ, தேசத்தின் நீலச்சட்டை போட்டு நின்றான். வென்றால் உலகக் கோப்பைக்குப் போகலாம். ஒரு கோல் முன்னிலை. பிலொமேனாவின் பாரில் ஊரே மூச்சைப் பிடித்து நின்றது. அங்கே நம் முடிதிருத்துநர் எஜீதியோ என்ன செய்தார்? நுரைமது பாட்டிலைக் கையில் எடுத்தார்.

"முடிஞ்சுது போங்கடா! ரெண்டு நிமிஷத்துல என்னத்தக் கிழிச்சிருவானுங்க?"

"எஜீதியோ அண்ணே, விசில் ஊதல, வச்சிருங்க!" என்று பிலொமேனா கத்தினாள். தக்கை பறந்தது. தரையில் நுரை அடங்கவில்லை, அதற்குள் தொனாத்தோவின் விரல் நுனியில் பட்டு வலைக்குள் போனது பந்து. ஆட்டம் டிரா. மார்ச்சில் இன்னொரு ஆட்டம் ஆடித் தகுதி பெற வேண்டிய நிலை.

அன்று முதல் அவர் பெயர் என்ன ஆனது? ராசியில்லாதவர்! ஜனவரியில் நம் கழகம் தோற்றதா, எஜீதியோ. பிப்ரவரியில் மைதானம் சேறானதா, எஜீதியோ. நடுவருக்குக் கண் தெரியவில்லையா, அதற்கும் எஜீதியோ! அவர் தெருவில் வந்தால் கொம்பைத் தடவ ஆண்கள் கையெல்லாம் பைக்குள். முடிவெட்ட அடுத்த ஊருக்குப் பேருந்தேறினார்கள். பேருந்தேறச் சோம்பியவர்கள் செம்மறி ஆடுகளாய்த் திரிந்தார்கள்.

"நீங்க எங்க வெட்டிக்கிட்டீங்க, பெரியவரே?"

எனக்கு வழுக்கையடா! ஆண்டவர் அந்தச் சோதனையை எனக்குத் தரவில்லை!

மார்ச் வந்தது. ஆட்டத்தன்று எஜீதியோவை மலைமேல் அவர் மைத்துனரின் ஆட்டுப்பட்டிக்கு அனுப்பிவைத்தோம். தொலைக்காட்சி இல்லை, வானொலி இல்லை. நீலச்சட்டைக்காரர்கள் ஒரே ஒரு கோலில் வென்றார்கள். உலகக் கோப்பைக்கு வழி திறந்தது! சதுக்கத்தில் கட்டிப்பிடித்து அழுதோம். மறுநாள் காலை, பட்டியில் கொடுத்த பாலாடைக்கட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிவந்தார் எஜீதியோ.

"ஜெயிச்சமாடா?"

"ஜெயிச்சோம். நீ இல்லாததால ஜெயிச்சோம்."

அவர் சிரித்தார். எல்லோருடனும் சேர்ந்து சிரித்தார். மதியம் அவர் கடைக் கதவில் 'கடை விற்பனைக்கு' என்ற அட்டை தொங்கியது. வடக்கே தொரீனோ நகரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்றார். தடுத்தது யார்? யாருமில்லை.

மே மாதம், கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவு, டிரா செய்தால் போதும். முதல்நாள் சனிக்கிழமை, சதுக்கமே பார்க்க, தொனாத்தோ நடந்துபோய் எஜீதியோ கடை நாற்காலியில் உட்கார்ந்தான். வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"டேய் தொனாத்தோ, எழுந்துருடா! உன் கால்ல விழறோம்!"

"நாளைக்கு மட்டும் விட்று, திங்கக்கிழமை மொட்டைகூட அடிச்சுக்க!"

எஜீதியோ கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "போயிருப்பா. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, என்னைப் பெட்டி கட்டக்கூட விடமாட்டானுங்க."

தொனாத்தோ கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான், வாசலுக்கே கேட்கும்படி சொன்னான்: "மாமா, நவம்பர்ல அந்தப் பந்தை விட்டது என் கை. உங்க தக்கை இல்ல. காதுக்கு மேல கொஞ்சம் குறைச்சு வெட்டுங்க."

கேட்டீர்களா பெருமக்களே? மாதக்கணக்கில் ஊர் முழுக்க யாருக்கும் வராத சொல், பந்தை விட்டவன் வாயிலிருந்து வந்தது!

ஞாயிற்றுக்கிழமை. தொனாத்தோ கொடுத்த சீட்டில் எஜீதியோ மைதானத்துக்கு வந்தார். அவரைச் சுற்றி நாலா பக்கமும் கல்படி காலி. சுற்றுவட்டாரமெல்லாம் திரண்டு முப்பதாயிரம் பேர் நெருக்கியடித்த இடத்தில், வயலில் தனித்து நின்ற மரம்போல் அவர் ஒருவர்! கோல் இல்லாமலே நகர்ந்தது ஆட்டம். நெஞ்சு துடித்தது, நேரம் நகர்ந்தது, நிம்மதி நெருங்கியது. கடைசி நிமிடத்தில் நம் தடுப்பாளர் கையில் பந்து பட்டது. பெனால்டி!

யாரும் பந்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரும்பி எஜீதியோவைப் பார்த்தார்கள். "நேத்தே சொன்னமே!" என்று ஒரு குரல். அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, எதையும் தொடாமல், குனிந்து இருந்தார். கோல் கம்பத்தின் கீழே தொனாத்தோ புதிதாய் வெட்டிய தலைமுடியை ஒருமுறை கோதிவிட்டுக்கொண்டான். உதைத்தான் எதிரி. பாய்ந்தான் தொனாத்தோ. இடப்பக்கம் பாய்ந்தான், இரு கையும் நீட்டிப் பாய்ந்தான், இந்த ஊரையே இழுத்துக்கொண்டு பாய்ந்தான்! பந்து உள்ளங்கையில் அறைந்து வெளியே போனது. விசில் ஊதியது!

அந்தக் கூச்சலில் ஒருத்தி மட்டும் மைதானத்துக்குள் ஓடவில்லை. பிலொமேனா காலிப் படிகளைத் தாண்டிப் போய் எஜீதியோ பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணே, வாங்க. பாட்டில் என் செலவு." அவர் மறுத்துத் தலையாட்டினார்: "நான் தொடலம்மா. இனிமே தொடவே மாட்டேன்."

மக்களே, நாம் தப்பித்தோம் என்று மகிழ்கிறோம். மகிழ வேண்டும்! ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பந்து வலைக்குள் போயிருந்தால்? இன்று எஜீதியோ இந்த மேசையில் இருப்பாரா? தொனாத்தோ அன்று ஒரு கோலை மட்டுமா தடுத்தான்? ஒரு மனிதரை ஊரை விட்டுத் துரத்தும் பாவத்திலிருந்தும் நம்மைக் காத்தான்! கீழ்ப் பிரிவுக்குப் போன ஊர்கள் திரும்பி வந்திருக்கின்றன. அந்தப் பாவத்தில் விழுந்திருந்தால் நமக்குத் திரும்பி வரும் வழி ஏது?

எஜீதியோ, மேடைக்கு வா. கைதட்டி அழைத்து வாருங்கள்! இதோ பிலொமேனா தந்த பாட்டில். நீ திறக்காமல் இன்று ஒரு கோப்பையும் நிறையாது.

என்ன சொல்கிறாய்? இன்னும் உலகக் கோப்பை பாக்கி இருக்கிறதா?

இருக்கட்டுமே! ஆண்களே, கையைப் பைக்குள்ளிருந்து எடுங்கள்! தலைவரே, உங்களையும்தான் சொல்கிறேன்! அருள்தந்தையே, தாங்களுமா? எல்லாக் கையும் மேலே வரட்டும்! கொம்பு வேண்டாம், இரும்பு வேண்டாம், வெறுங்கையாய் நிற்போம்.

அப்படித்தான். இப்போது திற, எஜீதியோ.

பறந்தது பாருங்கள் தக்கை! வானம் இடிந்து விழவில்லையே!

பேச இடம் தந்த தலைவருக்கும், பாஸ்தா குழையும்வரை பொறுத்த தாய்மார்களுக்கும், விற்பனை அட்டையைக் கழற்றப்போகும் என் நண்பனுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வாழ்க செம்பச்சை! வாழ்க நீலச்சட்டை! வணக்கம்!