ஓடினால் கைதட்டிய மைதானம்

மண்மேடாய்க் கிடந்த மைதானத்தை மழலைக் குரலால் நிறைத்த மாண்புடையீர்! இருபத்தெட்டு ஆண்டுகள் எங்களை வெயிலில் நிறுத்தி வேலை வாங்கி, வயிறு குலுங்கச் சிரிக்கவும் வைத்த எங்கள் மேற்பார்வையாளர் அம்மையீர்! பணி நிறைவு பெறும் தங்களை, கண்ணில் நீரும் வாயெல்லாம் பல்லுமாக வணங்கி மகிழ்கிறோம்!

தாங்கள் வந்த நாளில் இங்கிருந்தவை புல்லில்லாத தரையும் வலையில்லாத கோல் கம்பமும்தான். தெருவே வீடாக இருந்த பிள்ளைகள் மதிலேறிக் குதித்து வருவார்கள். அவர்களை விரட்ட எங்கள் வாயிற்காவலர் வைத்திருந்த பிரம்பை வாங்கி, மைதான மூலையில் கொடிக்கம்பாக நட்டுவிட்டு, கதவைத் திறந்துவிட்டீர்கள். பேருந்து நிலையத்தில் தண்ணீர் பாட்டில் விற்றவர்களும் பாலத்தடியில் படுத்து எழுந்தவர்களும் பனியன் மாட்டிக்கொண்டு அணி பிரிந்தார்கள்.

நடுவரே வேண்டாம் என்ற தங்கள் சட்டம் எங்கள் உயிரை வாங்கியதையும் இந்நன்னாளில் மறைப்பதற்கில்லை! யாராவது புகார் சொன்னால் பந்து நின்றுவிடும். இடித்தவரும் இடிபட்டவரும் நடுவட்டத்தில் நின்று முறைவைத்துத் தம் கட்சியைச் சொல்லவேண்டும். குறுக்கே ஒருவரும் பேசக்கூடாது. பிறகு எல்லாருமாகக் கூடித் தீர்ப்புச் சொல்லவேண்டும். அரைமணி ஆட்டம் இரண்டு மணி நேரம் இழுக்கும். “இது பந்தாட்டமா, பஞ்சாயத்தா?” என்று காவலர் பூட்டும் கையுமாக நின்று முணுமுணுத்தது தங்கள் காதிலும் விழுந்திருக்கும்.

அந்தப் பஞ்சாயத்தின் அருமை சென்ற ஆண்டுதான் எங்களுக்கு உறைத்தது. மைதானத்தை வண்டி நிறுத்துமிடமாக்க நகரமன்றம் கூடியது. ஊழியர் என்பதால் தாங்கள் வாய் திறக்கக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு. கடைசி வரிசையில் கைக்குட்டையைப் பிழிந்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். ஓடும் வேகத்தால் ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வாங்கிய அணித்தலைவி பேச எழுந்தாள். இரண்டு சொல் சொல்வதற்குள் ஓர் உறுப்பினர் குறுக்கிட்டார்.

“இருங்க சார். நீங்க பேசுறப்ப நான் குறுக்க வந்தேனா? இப்ப என் முறை” என்றாள் அவள்.

குறுக்கிட்டவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்!

“வெளிய எங்களை விரட்டுறப்பதான் ஓடுவோம். இங்க மட்டும்தான் ஓடுனா கைதட்டுறாங்க. இதையும் மூடிட்டா நாங்க எங்க போறது?”

மன்றத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இன்னும் சொல்லம்மா என்றார். சொன்னாள், கால்மணி நேரம்! மைதானம் பிழைத்தது, வண்டிகள் பழைய கிடங்குக்குப் போயின. அன்று ஆனந்தத்தில் காவலர் கதவைப் பூட்டவே மறந்துபோனார். அந்தக் குற்றத்துக்குத் தாங்கள் இன்றுவரை விளக்கம் கேட்கவில்லை.

அம்மையீர்! முழங்கால் வலி நீங்கி, மூச்சிரைக்காமல் நடந்து, பேரப்பிள்ளைகளோடு பந்துதைத்துப் பல்லாண்டு மகிழ்ந்திருக்க மனமார வாழ்த்துகிறோம்.

‘வாயில்லாப் பிள்ளைகளுக்கு வாய் கொடுத்த வள்ளலே’ என்றுதான் இம்மடலை முடித்திருந்தோம். நேற்று அதை அணியினரிடம் படித்துக் காட்டியபோது எக்ஸ்பிரஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “எங்களுக்கா வாயில்ல? நாங்க எப்பவும் கத்திக்கிட்டுதான் இருந்தோம். அவங்கதான் நின்னு கேட்டாங்க. அதை எழுதுங்க” என்றாள்.

அவள் சொற்படியே திருத்தினோம்.

நின்று கேட்டவரே, நீடு வாழ்க!

என்றும் தங்கள் அன்பில்,
மைதான அலுவலகப் பணியாளர்கள்