செல்வராணி காதில் விழுந்தது

— ஏட்டி செல்வராணி, கல்லாப்பெட்டி பக்கத்துல யார உக்கார வச்சிருக்க?

— மெதுவாப் பேசுங்க. பாவம், சாப்பிடுத மனுசன். நீங்க வாழையிலைக்கு லேக் மார்க்கெட் போற நேரம் பாத்து தெனமும் வருவாரு. இன்னைக்கு நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க.

— தெனமுமா?

— ஆமா. ஊர்ல இருந்து வந்த புதுசுல எனக்கு இங்க பாஷையும் தெரியல, ஆளும் தெரியல. “ஆண்டவரே, பசியோட இருக்க ஒரு ஏழையவாவது கண்ணுல காட்டும்”னு ஜெபம் பண்ணேன். மறுநாளே வாசல்ல வந்து நின்னாரு.

— கைய ஏந்தினாரா?

— வாய் விட்டே கேட்டாருங்க. “தா... தா...”ன்னு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கல்கத்தாவுல போய் ஒருத்தர் தமிழ்ல கேக்காரே! “தாரேன் ஐயா, உக்காருங்க”ன்னு சுடச்சுட இட்லி வச்சேன்.

— அடி கிறுக்கச்சி! அது “தாதா”ட்டி. வங்காளத்துல அண்ணாச்சின்னு அர்த்தம். என்னையத் தேடி வந்திருக்காரு.

— நான் அடுப்படியிலயே கிடக்கேன், எனக்கென்ன தெரியும்? உங்கள எதுக்குத் தேடுதாரு?

— அவரு யாருன்னு நெனச்ச? ஹால்தார் பாபு. இந்தக் கட்டடமே அவரோடது. பெஹாலாவுல மூணு மாடி வீடு. இடத்த விக்கப் போறேன்னு வரிசையா எல்லாக் கடையையும் காலி பண்ணச் சொல்லிட்டாரு. நமக்கு மட்டும் ஏன் சொல்லலன்னு நானும் மண்டையப் பிச்சுக்கிட்டிருந்தேன்.

— ஐயையோ! நம்மளயும் போகச் சொல்லத்தான் வந்தாரா?

— பின்ன? அவரு வாயத் திறக்குமுன்ன நீ தட்ட வச்சிருக்க.

— இந்தக் கடைய விட்டா நமக்கு வேற போக்கு ஏதுங்க... ஏழைக்குன்னு நெனச்சு வச்சதெல்லாம் மூணு மாடிக்காரருக்கா போச்சு? ஆண்டவருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

— கடையே கைய விட்டுப் போகுது, இவளுக்கு இந்தக் கவலை!

— போங்க, என்னன்னு நேராக் கேட்டுட்டு வாங்க. நான் இங்கனயே நிக்கேன்.

— சரி, போய்க் கேட்டுட்டு வாரேன்.

— வந்துட்டீங்களா? என்னங்க, கண்ணு கலங்கியிருக்கு? என்ன சொன்னாரு?

— “தா”ன்னா தமிழ்ல என்னன்னு சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே அழுதுட்டாருட்டி. சம்சாரம் போன பொறவு அந்த மூணு மாடியில “சாப்ட்டியா”ன்னு கேக்க ஒரு நாதி இல்லியாம். காலி பண்ணச் சொல்லணும்னுதான் ஒவ்வொரு நாளும் வீட்ட விட்டுக் கிளம்புவாராம். உன் இட்லியக் கண்டதும், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு திரும்பிருவாராம்.

— அப்ப நாளைக்குச் சொல்லுவாரா?

— சொல்லமாட்டாராம். விக்குத பேச்சையே விட்டாச்சாம். மத்தக் கடைக்காரங்ககிட்டயும் அவரே போய்ச் சொல்லிருதாராம்.

— ஸ்தோத்திரம் ஆண்டவரே! நாம என்னங்க செஞ்சோம் இதுக்கு? ரெண்டு இட்லி, அதுவும் தப்பாக் கேட்டு வச்சது. எல்லாம் அவரோட கிருபை.

— தப்பாக் கேக்கலியாம். “உன் சம்சாரம் காதுல விழுந்ததுதான் சரி, நான் சொல்ல வந்ததுதான் தப்பு”ங்காரு.

— அப்ப ஏழைதாங்க! ஆண்டவர் சரியான ஆளத்தான் காட்டியிருக்காரு.

— அங்க பாரு, தட்டத் தூக்கிக்கிட்டு இங்கயே வாராரு.

— ஐயோ, நான் என்னன்னு பேச? எனக்குத்தான் அவரு பாஷை தெரியாதே!

— மா... தா.