மூன்று மடிப்புத் தகரம்

பழனிசெட்டிபட்டி, மரிய ஜோசப் மகன் பெனடிக்ட், வயது 46, தொழில் சைக்கிள் பழுதுபார்த்தல், 16.08.2025 அன்று காலை 11 மணிக்குக் காவல் நிலையத்தில் தானே ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்:

நான் மேற்படி ஊரில் மனைவி எஸ்தருடன் குடியிருந்து வருகிறேன். இருபத்திரண்டு வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். இறந்துபோன மதன்குமார் என் வாடிக்கையாளர். ஞாயிறுதோறும் சுருளிப்பட்டி வரை கியர் சைக்கிளில் போய் வருவது அவர் வழக்கம்.

06.08.2025 அன்று மாலை சுமார் 5 மணிக்கு மதன்குமார் தன் சைக்கிளுடன் ஒரு பழைய ஹேண்டில்பாரையும் கொண்டுவந்தார். ஏப்ரலில் காய்ச்சலில் இறந்த தன் அண்ணன் முத்துராஜாவின் சைக்கிளில் இருந்தது அது என்றும், அதைத் தன் வண்டியில் மாட்ட வேண்டும் என்றும் சொன்னார். நான் அளந்து பார்த்ததில் ஹேண்டில்பாரின் நடுப்பகுதி 25.4 மில்லிமீட்டர், அதைக் கவ்வும் ஸ்டெம்மின் வாய் 26 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், போல்ட்டும் இறுகும், ஆனால் பாரம் விழுந்தால் சுழலும். இதற்கென்று அளவான அலுமினிய வளையம் உண்டு, மதுரையிலிருந்து திங்கட்கிழமை வந்துவிடும், பொறுங்கள் என்றேன். அதற்கு அவர், "ஞாயித்துக்கிழமை அண்ணன் பொறந்தநாளுண்ணே. அவரு பிடிச்சதையே பிடிச்சுக்கிட்டு சுருளி அருவி வரைக்கும் போகணும்" என்றார்.

அதன் பிறகு நான் குளிர்பான டின் ஒன்றைக் கத்தரித்து, மூன்றாக மடித்து, இடைவெளியில் செருகி இறுக்கினேன். சாதாரண சைக்கிளுக்கு எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பெயிண்ட் இருந்தால் தகரம் வழுக்கும், ஆனாலும் டின்னின் பெயிண்டை நான் சுரண்டவில்லை. சுழன்றால் தெரியட்டும் என்று ஸ்டெம்மையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து எஸ்தரின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன். கைப்பிடியில் சுற்றியிருந்த துணி நாடா கறுத்துக் கிடந்ததால் மாற்றவா என்று கேட்டேன். "வேணாம்ணே. அண்ணனுக்கு எந்நேரமும் உள்ளங்கை வேர்க்கும், அந்தக் கறுப்புதான்" என்று சிரித்தார்.

அதன் பிறகு 08.08.2025 அன்று அவர் திரும்பி வந்தார். கோடு ஒரு விரல்கடை பிரிந்திருந்தது. நான் பழுது பார்த்துக் கொடுத்த வண்டி குறையோடு திரும்பி வந்தது எனக்கு அவமானமாக இருந்தது. நேராக்கி, கோட்டை அழித்துப் புதிதாகப் போட்டு, ஆலன் கீயால் முழு பலத்தோடு முடுக்கினேன். ஒருநாள் கடையில் இருக்கட்டும், நாளைக்குப் பார்த்துத் தருகிறேன் என்று அனுப்பினேன்.

09.08.2025 காலை ஏழரை மணிக்குக் கடையைத் திறந்தேன். பூட்டு போட்டபடி இருந்தது. சாவி ஒன்றுதான், அது என் இடுப்பில் இருந்தது. மேற்படி சைக்கிள் நிறுத்திய இடத்திலேயே நின்றது. ஆனால் ஹேண்டில்பார் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தது. கோடு இரண்டு விரல் பிரிந்திருந்தது. யாரும் உட்காராத வண்டி. கைப்பிடியைத் தொட்டேன், நாடா ஈரமாக இருந்தது. மழை இல்லை. கூரையில் ஒழுக்கு இல்லை. பக்கத்தில் நின்ற மற்ற வண்டிகள் எல்லாம் காய்ந்திருந்தன. விரலை முகர்ந்தேன், மனித வேர்வை. நான் தவறாமல் கோயிலுக்குப் போகிறவன், இந்த மாதிரிப் பேச்சைக் காதில் வாங்காதவன். ஆனாலும் அப்போது நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு நேராக்கி மறுபடி முடுக்கினேன். ஒன்பது மணிக்கு மதன்குமார் வந்து, "சரியாயிருச்சாண்ணே?" என்றார். நான், "சரியாயிருச்சு தம்பி, எடுத்துட்டுப் போங்க" என்றேன். அது பொய். தகரம் வழுக்கியதோ வேறு எதுவோ, அந்த வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று எனக்குத் தெரியும். அது என் கடையில் இன்னும் ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் சொன்னேன்.

10.08.2025 காலை பத்து மணிக்கு மதன்குமாரின் மனைவி அனுசுயா எனக்குப் போன் செய்து, அவர் சுருளிப்பட்டி சாலையில் வண்டியோடு விழுந்து இறந்துவிட்டதாகச் சொன்னார். நான் உடனே சுருளிப்பட்டி போனேன். சாலையோரத் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த கருத்தம்மாள் என்பவர் தான் பார்த்ததை என்னிடம் சொன்னார்: "வெறும் வெயிலு. அந்தத் தம்பி ஒரு கைய எடுத்துச் சட்டையில தொடச்சாக, பெறகு மத்தக் கையத் தொடச்சாக. தொடச்சுக்கிட்டே வந்தாக. வேகத்தடையில ஏறவும் ஹேண்டில்பாரு கவுந்துருச்சு."

நாடா ஈரமாக இருந்தது பற்றிய வரிகள் வழக்குக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாம் என்று எழுதிய காவலர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. அதை எடுத்தால், நான் கவனிக்காமல் வண்டியைக் கொடுத்துவிட்டதாக ஆகும். நான் கவனித்தேன். பயந்து கொடுத்தேன். விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் அனுசுயா என்னிடம் கோபப்படவில்லை. "நான் வேணாம்னுதாண்ணே சொன்னேன். பெனடிக்ட் அண்ணனே சரின்னுட்டாக, இனிப் பயமில்லைன்னு சொல்லிட்டுத்தான் கெளம்புனாக" என்று மட்டும் சொன்னார்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் கூடவில்லை, குறையவில்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ம. பெனடிக்ட்