பச்சைத்தொப்பிக் காளானும் பன்னிரண்டாம் நூற்றாண்டும்

காளான் காலத்தில் ஒபர்சாக் கிராமத்தில் என் மருந்துக்கடைக்கு நோயாளிகளைவிடக் கூடைகள்தான் அதிகம் வரும். காட்டில் பறித்ததை யாரும் நேரே வாணலிக்குக் கொண்டுபோவதில்லை. முதலில் என் மேசையில் கொட்டுவார்கள். நான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத் தலையசைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். இதற்கு நான் காசு வாங்குவதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, பிறகு மறந்துவிடும்.

ஃபிர்மேனைப் பற்றிக் கேட்டீர்கள். அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அவன் தோட்டத்து மூலையில் இருப்பது சிலுவைப் போர் வீரர்கள் கட்டிய காவல் கோபுரம். பன்னிரண்டாம் நூற்றாண்டு. ஊர்ப் பாரம்பரியச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் அதை நான்தான் கண்டுபிடித்தேன்; பலகையும் வைத்தேன். ஆதாரம் கேட்டவர்களுக்குக் கல்லில் படிந்த பாசியைக் காட்டினேன். ஃபிர்மேன் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்:

"போர் வீரனுங்களா? இருந்தாங்க, இருந்தாங்க. நாலு காலு, சுருட்ட வாலு. எங்கப்பன்தான் அவனுங்களுக்குக் கட்டினாரு. கிறிஸ்துமஸுக்கு ஒருத்தன வெட்டுவோம்."

சிரிப்பார்கள். வரலாற்றின் முன் சிரிப்பது எனக்குப் பிடிக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாரிஸிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. பாரம்பரியக் கிராமம் என்று பட்டம் தருகிற குழு. பட்டம் கிடைத்தால் சதுக்கத்துக்கு என் பெயரை வைப்பதாக மேயர் வாய்தவறிச் சொல்லியிருந்தார். ஃபிர்மேன் வாய் திறந்தால் எல்லாம் போச்சு.

புதன்கிழமை அவன் கூடையோடு வந்தான். கண்ணில் புரை விழுந்திருந்தது.

"என்ன வரலாறு, சௌக்கியமா?" என்றான். என்னை அப்படித்தான் கூப்பிடுவான். "பச்சைத்தொப்பி கொஞ்சம் கெடச்சுது. கண்ணு சரியாத் தெரியல, பாத்துச் சொல்லு."

புரட்டினேன். எல்லாம் அருமையான காளான்கள். வாத்துக் கொழுப்பில் வதக்கினால் வேறொன்றும் வேண்டாம். இடையில் இரண்டு மட்டும் வேறு. தொப்பி அதே வெளிர்பச்சைதான். ஆனால் காம்பின் மேலே சின்னப் பாவாடை. அடியில் உடைந்த முட்டை ஓடு மாதிரி ஓர் உறை. இந்தக் காளான் ஈரலைத் தின்றுவிடும். சாப்பிட்டவர்கள் ருசியைக் குறை சொன்னதில்லை.

அதற்குள் அவனே ஆரம்பித்தான். "ஞாயித்துக்கெழமயப் பத்திக் கவலப்படாதடா. வாயத் தொறக்க மாட்டேன். வேணும்னா நானே சொல்றேன், எங்க பாட்டனுக்குப் பாட்டன் சிலுவைப் போருக்குப் போனாருன்னு. நீ சந்தோசமா இருந்தா சரி."

நல்ல மனுஷன். ஆனால் இரண்டு கோப்பை ஒயின் உள்ளே போனால் அவன் வாக்கு நிற்காது.

"எல்லாம் நல்ல காளான்," என்று தலையசைத்தேன்.

"அப்ப பாதிய நீ எடுத்துக்கோ."

"ராத்திரியில எனக்கு ஒத்துக்காதுடா. நீயே சாப்பிடு."

ஞாயிற்றுக்கிழமை அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். குழுத் தலைவி கோபுரத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

"சிலுவைப் போர்க் கோபுரம் ஊருக்கு ஊர் இருக்குங்க. ஜனங்க கட்டின பழைய பன்னிக் கொட்டகை எதுவும் இல்லையா? இப்பல்லாம் அதுக்குத்தான் மதிப்பு."

இல்லை என்றேன். ஒரு பட்டத்துக்காக வரலாற்றைத் திரிக்கிறவன் நான் இல்லை.

அடுத்த வாரம் அடக்கம். கல்லறையில் நான்தான் பேசினேன். சிலுவைப் போர் வீரர்களின் கடைசி வாரிசு என்றேன். நன்றாகப் பேசினீர்கள் என்றார்கள்.

இதோடு விட்டிருப்பேன். ஆனால், வயதான மருந்துக்கடைக்காரர் காளானை அடையாளம் தெரியாமல் தவறு செய்துவிட்டார், யார்மீதும் குற்றமில்லை என்று நீங்கள் அறிக்கை எழுதப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நானே நடந்து வந்தேன். அந்த இரண்டும் விஷக் காளான் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தெரிந்துதான் தலையசைத்தேன். தவறு என்கிற சொல்லை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள் ஐயா. இந்த ஊரில் எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.